செம்மண்ணில் இரும்புப் பசி

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகை போகும் சாலையில் ராகி வயலுக்கும் தைல மரங்களுக்கும் நடுவே வெள்ளைக் கூரைகள் வந்துகொண்டே இருக்கும். இருநூறு மைக்ரான் பாலித்தீன் போர்த்திய இரும்புக் கூடாரங்கள். இங்கே எல்லார் வாயிலும் அது ‘பாலிஹவுஸ்’தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், பகலில் மிதமான வெயில், இரவில் குளிர், பக்கத்திலேயே பெங்களூரு விமான நிலையம். ரோஜாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நீளக் காம்பில் ஒற்றைப் பூ நிற்கும் ‘கட் பிளவர்’ ரோஜா இங்கே தொழிலாகியது இப்படித்தான்.

நான் போனது ஜனவரித் தொடக்கத்தில். இந்தத் தொழிலில் ஆண்டு பிறப்பது ஜனவரி ஒன்றில் அல்ல, பிப்ரவரி 14-இல். காதலர் தினத்துக்கு வெளிநாடு போக வேண்டிய பூவை அந்த மாதத்தின் முதல் வாரத்திலேயே வெட்டியாக வேண்டும். அதற்காக டிசம்பரில் செடிகளின் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழிருக்கும் கணுவிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, 45 முதல் 50 நாளுக்குள் பூவாகும். அந்த நாள்களில் செடிக்கு எந்தக் குறை வந்தாலும் ஈடு செய்ய நேரம் கிடையாது. நான் பார்த்த பண்ணையில் குறை வந்திருந்தது. புதுத் தளிர்கள் மஞ்சளாகக் கிளம்பியிருந்தன.

ஓனர் கவலையில் இருந்தார். கைப்பேசியில் படம் எடுத்து உரக்கடைக்கு அனுப்பியாயிற்று. கடைக்காரர் பதிலுக்கு ஒரு நுண்ணூட்டக் கலவைப் பொட்டலத்தின் படத்தை அனுப்பியிருந்தார். பொட்டலமும் வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பிரிக்க விடாமல் நின்றவர் சூப்பர்வைசர். நாற்பதை ஒட்டிய வயது; தேன்கனிக்கோட்டைப் பக்கம்; வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பெங்களூரு வியாபாரியிடம் கன்னடம். “எதுக்குன்னு தெரியாம எதையும் குடுக்கக் கூடாது சார். குடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது” என்றார். கடையில் விற்கும் பொட்டலத்தில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான் எல்லாம் இருக்கும். போரானில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கூரைக்குக் கீழே இருக்கும் மண்ணில் மழை விழுவதில்லை. வெளி வயலில் மழை அலசிக்கொண்டு போகும் மிச்ச உரம் இங்கே உப்பாகத் தங்கிவிடும்.

அவரோடு பெட் பெட்டாக நடந்தேன். ஒரு மீட்டர் அகலத்தில் உயர்த்திய மண்பாத்தியைத்தான் ‘பெட்’ என்கிறார்கள். செம்மண்ணோடு மட்கிய சாணமும் தென்னை நார்க் கழிவும் கலந்து போட்டிருக்கிறது. செடிகளின் அடியில் மெலிந்த கிளைகளை ஒடிக்காமல் மடக்கிப் பக்கவாட்டில் சாய்த்திருந்தார்கள். ‘பெண்டிங்’ என்று பெயர். அந்தக் கிளை பூக்க வேண்டியதில்லை. இலையைக் காட்டி வெயில் வாங்கிச் செடிக்குச் சோறு சமைத்தால் போதும். பூக்காம்பு நடுவிலிருந்து நேராக எழும்பும்.

சூப்பர்வைசர் பார்த்த முதல் விஷயம் நிறம் அல்ல, இடம். “மஞ்சள் மேலயா கீழயா? அதுதான் சார் முதல் கேள்வி.” இதன் பின்னால் இருக்கும் தாவரவியல் எளிமையானது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்குக் கொடுக்கும். அதனால் குறை கீழ் இலையில் முதலில் தெரியும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் அப்படியல்ல. போய் உட்கார்ந்த இலையை விட்டு எளிதில் நகராது. வரத்து நின்றால் புதிதாகப் பிறக்கும் இலைதான் பட்டினி கிடக்கும்.

அடுத்த கேள்வி, மஞ்சள் எப்படிப் பரவியிருக்கிறது என்பது. கீழ் இலை முழுதும் ஒரே சீராக வெளிறி, காம்பும் மெலிந்தால் தழைச்சத்து. கீழ் இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து. கீழ் இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் நுனித் தளிரில் தெரிந்தால் இரும்பு. நுனி இலை நரம்போடு சேர்த்து வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். நுனியே கருகிச் செத்தால் சுண்ணாம்பு அல்லது போரான். அதற்கு முன், இலையைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். செம்பேன் உறிஞ்சிய இலையும் மஞ்சள் புள்ளியோடுதான் இருக்கும்.

இந்தப் பட்டியல் எந்த வேளாண் கையேட்டிலும் கிடைக்கும். பாலிஹவுஸில் நிற்கும்போதுதான் அது பாதி வழி மட்டுமே காட்டும் என்பது புரிகிறது. எந்தச் சத்து இலைக்கு வந்து சேரவில்லை என்று இலை சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது.

இங்கே நுனித் தளிரில்தான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தது. இரும்புக் குறை. கால் வைத்த இடமெல்லாம் செம்மண். அந்த மண்ணுக்குச் சிவப்பைக் கொடுத்ததே இரும்பு ஆக்சைடுதான். இரும்பின் மேலேயே வேரூன்றி நிற்கும் செடிக்கு இரும்புப் பசி என்றால் எப்படி?

நெல்லுக் குதிர் நிறைந்திருந்தும் சாவி தொலைந்த வீட்டின் கதை இது. மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்தால்தான் வேருக்குள் போகும். கரைவதை முடிவு செய்வது மண்ணின் கார அமில நிலை. பி.எச். அளவு ஒரு எண் கூடினால் கரைந்திருக்கும் ஃபெரிக் அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ரோஜாவுக்கு 6-லிருந்து 6.5 வரை இதமான இடம். ஏழரைக்கு மேல் போனால் மண்ணில் எவ்வளவு இரும்பு இருந்தும் செடிக்குப் பயனில்லை.

சூப்பர்வைசர் பெட்டில் ஒரு கை மண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி வைத்தார். தெளிய விட்டு மீட்டரை முக்கினார். எண் ஏழரையைத் தாண்டி நின்றது. “போன மாசம் இப்படி இல்லையே” என்று நோட்டைப் புரட்டினார். டிசம்பர்ப் பக்கத்தில் ஆறரைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. மண் ஒரு மாதத்தில் தானாக இவ்வளவு மாறாது. ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது. என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிகொடுத்தவர் பூ வெட்டும் ஒரு அக்கா. அறுபதை நெருங்கிய வயது, முழுக்கைச் சட்டை புடவைக்கு மேல், கையில் கட்டர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஒவ்வொரு செடியையும் கடந்து போகிறவர். வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “தண்ணி மூக்கெல்லாம் வெள்ள பூத்துக் கெடக்குதுண்ணா. ஒரு வாரமா பாக்கறேன்.”

அவர் தண்ணி மூக்கு என்றது சொட்டுநீர்க் குழாயின் துளைகளை. குனிந்து பார்த்தோம். துளையைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொருக்கு. சூப்பர்வைசர் அப்படியே நிமிர்ந்து பம்பு ஷெட்டுக்கு நடந்தார்.

கூரையில் விழும் மழையைச் சேர்க்கும் குளம் இந்தப் பண்ணையிலும் உண்டு. ஆனால் கரையில் விரித்த ஷீட் கிழிந்து நீர் வடிந்துவிட்டதால் டிசம்பர் நடுவிலிருந்து போர் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம். அந்த நீரைத் தொடர்ந்து விட்டால் மண்ணின் பி.எச். ஏறும். அதை முறிக்கத்தான் நைட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகக் கலக்கும் சின்ன பம்பு ஒன்று இருக்கிறது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அமிலத்தை உறிஞ்சும் மெல்லிய குழாயில் வெடிப்பு. காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. இளைஞர் ஒருவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு குழாயை மாற்றினார். புது கேனில் கரைசல் போடும்போது சூப்பர்வைசர் பின்னாலிருந்தே குரல் கொடுத்தார்: “ஆசிட்டைத் தண்ணியில ஊத்து. தண்ணிய ஆசிட்டுல ஊத்தாத.”

ஷெட்டில் இரண்டு பெரிய தொட்டிகள், ஏ, பி என்று பெயின்டில் எழுதியவை. கால்சியம் நைட்ரேட் ஏ தொட்டியில். சல்பேட்டும் பாஸ்பேட்டும் பி தொட்டியில். அடர்த்தியான கரைசலில் இரண்டும் சேர்ந்தால் ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் படிந்து, சத்தும் போய்க் குழாயும் அடைபடும். இரும்பும் ஏ தொட்டியில்தான், கிலேட் வடிவில். அதிலும் ரகம் உண்டு. மலிவான ஈ.டி.டி.ஏ. கிலேட் பி.எச். ஆறரையைத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. என்ற செந்நிறக் கிலேட் காரமான மண்ணிலும் பிடித்து வைத்திருக்கும், விலை அதிகம். மண் சரியாகும் வரை அதைக் கொடுக்க ஓனர் ஒத்துக்கொண்டார். அதற்கு முன் ஒரு சோதனை: நான்கைந்து செடிகளில் ஒரு கிளைக்கு மட்டும் இரும்புக் கரைசலைத் தெளித்து நூல் கட்டி விட்டார்கள். நூல் கட்டிய கிளை மட்டும் பச்சை திரும்பினால் கணிப்பு சரி.

அதோடு முடியவில்லை. வடக்கு ஓரத்து பெட்களில் கீழ் இலைகள் நரம்பிடையே மஞ்சளாகியிருந்தன. மெக்னீசியம். அதற்கும் மண்ணில் பஞ்சமில்லை. காம்பு தடிக்கட்டும் என்று ஓனர் பொட்டாஷைக் கூட்டியிருந்தார். சாம்பல்சத்து மிதமிஞ்சினால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறைந்துவிடும். எப்சம் உப்பு தெளிப்பது உடனடிக் கைவைத்தியம். பொட்டாஷைக் குறைப்பதுதான் மருந்து.

மூன்றாவது, தாழ்வான மூலையில் இரண்டு பெட். செடி முழுக்க வெளிறி, ஈர மண்ணிலேயே வாடி நின்றது. சூப்பர்வைசர் மீட்டரை எடுக்கவே இல்லை. ஒரு செடியைப் பிடுங்கினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, உருவினால் தோல் கழன்றது. வடிகால் அடைத்து நீர் தேங்கியிருக்கிறது. மூச்சு முட்டிய வேர் எதையும் எடுக்காது. அங்கே போடும் உரம் உப்பாக மாறி இன்னும் கெடுக்கும்.

ஒரே கூரைக்குக் கீழே மூன்று மஞ்சள். கடைக்காரர் பார்த்த படத்தில் மூன்றும் ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும். மூன்றில் எதற்கும் அந்தப் பொட்டலம் மருந்தில்லை. ஒன்றுக்கு வேண்டியது அமிலக் குழாய், ஒன்றுக்கு அடக்கம், ஒன்றுக்கு மண்வெட்டி.

மதியம் கிரேடிங் ஹாலில் உட்கார்ந்து பேசினோம். பெண்கள் காம்பை அளந்து நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று பிரித்து, இருபது பூ ஒரு கட்டாக நெளி அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் இலை உள்ள காம்பு, பூ எவ்வளவு சிவந்திருந்தாலும் ஏற்றுமதிக்குப் போகாது. உள்ளூர்ச் சந்தைக்குத் தள்ளப்படும்.

இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சத்துகளின் அளவு எண்ணாக வரும், அது வேண்டியதுதான். ஆனால் எந்தப் பெட்டில், எந்தச் செடியில் பறித்து அனுப்புவது என்பதைக் கண் உள்ள ஒருவர் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கண் இந்தப் பண்ணையில் யாரிடம் இருக்கிறது என்பது காலையில் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரின் நோட்டில் பி.எச்., உப்பளவு, உரம், வெட்டிய பூ எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. வெட்டுகிறவர்கள் பார்த்ததை எழுத ஒரு பத்தியும் இல்லை. ஒரு வாரமாகப் பார்த்ததை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

“யாரு கேட்டாங்க?” என்றார்.

ஓனர் சங்கடத்தோடு சிரித்தார். “நோட்டு போட்டுக் குடுக்கலாம் சார். அவங்களுக்கு எழுத வராதே.”

அக்கா கட்டைச் சுற்றி ரப்பர் பேண்டை மாட்டினார். “எனக்கு வராது. எழுதத் தெரிஞ்ச நீங்க தெனம் ஒரு தடவை வந்து கேட்டு எழுதிக்கங்க. நான் சொல்லமாட்டேன்னா சொல்றேன்?”