கூட்டாளி கிளாவர் என்றால்…

சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிக்கும் வாசகர் பலர் உண்டு என்பதை நாம் அறிவோம். சூதாட்டத்தால் தாலியும் வீடும் பறிபோன குடும்பங்களைப் பங்குப் பணியில் நேரில் கண்டிருக்கிறோம். ஆதலின் அச்சுளிப்பைக் குறை கூறோம். ஆயினும் பிரிட்ஜ் என்பது காசு வையாமலே களிப்பூட்டும் அறிவாட்டம். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், இவ்வாட்டத்தின் ஆடவர் இணைப் பிரிவில் நம் நாட்டவரான பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கப் பதக்கம் பெற்றனர். பர்தனுக்கு அப்போது வயது 60. முழங்கால் நோகும் பருவத்திலும் தங்கம் கிட்டும் ஆட்டம் வேறெது?

எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஒருவர் கையை மற்றவர் காணார். ஆட்டத்திற்கு முன் நடைபெறும் ஏலத்தில் எண்ணும் இனமும் மட்டுமே பேசலாம். பெருமூச்சு, புருவ நெரிப்பு, குரல் ஏற்றம் யாவும் விலக்கு. கூட்டாளிகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டையும் எதிரணிக்கு மறைத்தலாகாது. இச்சட்டத்தின்மீது நமக்குத் தனிப்பற்று உண்டு.

கூட்டாளி ‘ஒரு கிளாவர்’ என்று தொடங்குகிறார். நம் கையிலும் ஐந்து கிளாவர் உள்ளன. உடனே ‘இரண்டு கிளாவர்’ என்று உயர்த்தலாமா? புதியவர் அனைவரும் உயர்த்துவர். பொறுத்தல் நலம். ஸ்பேடையோ ஆர்ட்டினையோ சொல்லித் தொடங்க ஐந்து சீட்டு வேண்டும் என்பது இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. அவ்வாறு ஐந்து இல்லாதவர் வேறு வழியின்றி மூன்றே கிளாவரை வைத்துக்கொண்டும் ‘ஒரு கிளாவர்’ என்பார். அது காதல் அன்று. கதவைத் திறந்து வைத்தல். டைமன் அவ்வளவு மெலிந்ததன்று: ஸ்பேட் நான்கு, ஆர்ட்டின் நான்கு, டைமன் மூன்று, கிளாவர் இரண்டு என்று அமைந்தாலொழியக் கூட்டாளியிடம் நான்கு டைமனாவது இருக்கும். ஆகவே டைமனை உயர்த்த நான்கு போதும். கிளாவருக்கு ஐந்து வேண்டும்.

விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழு ஆட்டத்திற்கு 100 புள்ளி. ஆறு பிடிக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் கிளாவர், டைமன் 20 தரும். ஆர்ட்டின், ஸ்பேட் 30 தரும். ஆகவே முன்னதற்கு 11 பிடி, பின்னதற்கு 10 பிடி. துருப்பில்லா ஆட்டத்திற்கோ ஒன்பதே போதும். எனவே நான்கு ஆர்ட்டினோ நான்கு ஸ்பேடோ இருந்தால் அதனையே முதலில் சொல்லல் வேண்டும். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனக் கணக்கிட்டு ஆறு தேறினால் போதும், வாய் திறக்கலாம். ‘இரண்டு கிளாவர்’ என்னும் உயர்த்தலின் பொருள், ‘உம் இனம் என்னிடம் உண்டு, ஆறு முதல் ஒன்பது புள்ளி உண்டு, பெரிய இனத்தில் நான்கு இல்லை’ என்பதாகும். அந்த இறுதிப் பகுதியைத்தான் மறந்துவிடுகின்றனர்.

ஞாயிறு மாலைகளில் எம் இல்லத் தாழ்வாரத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே அலுவலர் ஒருவரும் அவர் துணைவியாரும், உபதேசியாரும் நாமும் ஆடுவது வழக்கம். ஒருநாள் பெரியவர் ஒரு கிளாவர் என்றார். அம்மையார் சற்றும் தயங்காமல் இரண்டு கிளாவர் என்றார். பெரியவர் ‘பாஸ்’ என்று நிறுத்தினார். பத்துப் பிடி வந்தது. கோட்டுக்குக் கீழே எழுதியதோ 40. சீட்டுகளை விரித்துப் பார்த்தோம். இருவரிடமும் நான்கு நான்கு ஆர்ட்டின்! ஏஸ், ராஜா அவரிடம், ராணி இவரிடம். நான்கு ஆர்ட்டின் கேட்டிருந்தால் அதே பத்துப் பிடிக்கு 120, ஆட்டம் முடிந்திருக்கும்.

“நான்கு ஆர்ட்டினை ஏன் சொல்லவில்லை?” என்றார் பெரியவர்.

“நீங்கள் கிளாவர் என்றீர்கள். என்னிடமும் கிளாவர் இருந்தது. மாற்றிச் சொன்னால் உங்களை மறுத்ததாகாதா?”

உபதேசியார் நகைத்தார். பெரியவர் நகைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு மகளின் ஊருக்குக் குடிபெயர்வதென்று அவர் முடிவு செய்து, அம்மையாரும் சரியென்றிருந்த வேளை அது. அன்றிரவு, “அதிலும் உன் ஆர்ட்டின் ஏதேனும் உண்டா?” என்று கேட்டாராம். இளமையில் இறந்த மகன் நம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான்; அவனை விட்டுப் போக மனமில்லை என்றாராம் அம்மையார். இருவரின் அனுமதியோடே இதனை எழுதுகிறோம். வீடு குறித்து அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையிலிருப்பதைச் சொல்லுதல் மறுத்தலாகாது என்பதை நாம் எத்தனையோ திருமண ஆயத்த வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம்; சீட்டு சொன்ன அளவுக்கு அது எடுபட்டதில்லை.

எட்கர் கப்லான், ஆல்பிரட் ஷைன்வோல்ட் என்னும் அமெரிக்கர் இருவர் வகுத்த முறையில் இந்த உயர்த்தல் தலைகீழாகும். ‘மூன்று’ என்பது மெலிந்த கை. எதிரணி நுழையாதபடி வழியை அடைப்பது. ‘இரண்டு’ என்பதோ பத்தும் அதற்கு மேலும் உள்ள வலிய கை. மேலும் பேச இடம் வைப்பது. பெரிய இனத்தில் நான்கு இல்லை என்பது இரண்டிற்கும் பொது. அந்த ‘இரண்டு’க்குப் பின் தொடங்கியவர் ‘பாஸ்’ சொல்லலாகாது. தம் கையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முதிர்ந்த இணையருக்கு நாம் பரிந்துரைப்பது இதனையே. அம்மையார் இப்போது இதைப் பழகி வருகிறார். பெரியவருக்குத்தான் ‘பாஸ்’ என்ற சொல் நாவின் நுனியிலேயே நிற்கிறது.