பட்டவரைத் தொழும் திண்டுக்கல் பூமி

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பழனியாண்டவரைத் தரிசிக்கப் புறப்படும் அன்பர்களுக்குத் திண்டுக்கல் ஒரு வழியூர். சமவெளியின் நடுவே, பெருந்திண்டு ஒன்றை வைத்தாற்போல, மரமற்ற பெரும்பாறை எழுந்து நிற்பதைப் பலரும் பேருந்தின் சன்னல் வழியே கண்டிருப்பார்கள். திண்டு போன்ற கல் ஆதலால் திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பர். பத்மகிரி என்பது இம்மலையின் திருப்பெயர். பாறையை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் பழனிக்கு விரைவது நம் வழக்கம். எனினும், இவ்வூரும் இதனைச் சூழ்ந்த சமவெளியும் போரில் உயிர்நீத்தவர்களின் நினைவைச் சுமந்து நிற்கும் மண் என்பதை அறிந்து சென்றால், யாத்திரையின் பொருள் இன்னும் விரியும்.

கோட்டையும் அன்னையும்

கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு வரும் வழியைக் காக்கும் வாயிலாகத் திகழ்ந்தது இவ்வூர். ஆதலால், மதுரை நாயக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாறையின் மீது கோட்டை எழுப்பினர். பின்னர் அது மைசூராரின் வசமாயிற்று. 1755இல் இவ்வூரின் பௌஜ்தாராக வந்த ஐதர் அலியின் எழுச்சி இங்கிருந்தே தொடங்கியது. ஆங்கிலேயர் 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இது நிலையாக அவர்கள் கைக்குச் சென்றது.

இந்த ஆண்டுகளைச் சரித்திர நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன; தளபதிகளின் பெயர்களையும் எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் மதிலுக்கு உள்ளே நின்று மடிந்தவர், மதிலை ஏற முயன்று வீழ்ந்தவர், இரு தரப்பிலும் கூலிக்கும் கடமைக்கும் ஆயுதம் ஏந்தி ஊர் திரும்பாத எளியவர் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் சென்றால் மதிலும் மருந்தறையும் காணலாம். உச்சியில் மூர்த்தி இல்லாத கோயில் ஒன்று நிற்கிறது. அங்கிருந்த பத்மகிரீஸ்வரரும் அபிராமி அம்மையும் இன்று ஊருக்குள், காளஹஸ்தீஸ்வரர் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கின்றனர்.

பாறையின் அடிவாரத்தில் அருள்புரிபவள் கோட்டை மாரியம்மன். கோட்டைக் காவலில் இருந்த படைவீரர்கள் வழிபட்ட அன்னை இவள் என்பது ஊர்வழக்கு. மாசித் திருவிழாவில் பூச்சொரிதலும் தீச்சட்டியுமாக ஊரே திரளும் இச்சந்நிதியில், ஒரு காலத்தில் மறுநாள் உயிரோடு இருப்போமா என்று அறியாதவர்கள் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். படியேற இயலாத முதியோர் இச்சந்நிதியில் நின்று அவர்களுக்காக ஒரு கணம் வேண்டிக்கொள்ளலாம். மலையேறிய பயன் அதிலேயே கிட்டும்.

கோபாலசமுத்திரக் கரையில்

நகரின் நடுவே கோபாலசமுத்திரம் என்னும் குளம் உள்ளது. அதன் கரையில் உள்ள 108 விநாயகர் கோயிலுக்குச் செல்லாத திண்டுக்கல்வாசிகள் குறைவு. அக்குளத்தின் பெயரில் ஒரு வீரரின் நினைவு உறைந்திருக்கிறது. விருப்பாச்சிப் பாளையத்தின் தலைவர் கோபால் நாயக்கர், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துத் திண்டுக்கல் வட்டாரத்துப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டியவர். 1800, 1801ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அந்தக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பிடிபட்ட அவரை 1801இல் தூக்கிலிட்டனர். இக்குளத்தருகே ஒரு புளியமரத்தில் அவர் உயிர் பிரிந்தது என்றும், அதனாலேயே குளத்துக்கு அப்பெயர் வழங்குகிறது என்றும் மக்கள் சொல்லி வருகின்றனர். கரையில் விநாயகரைச் சுற்றி வரும்போது குளத்தையும் ஒருமுறை நோக்கித் தொழுவது நம் கடமை.

பஞ்சாமிர்தத்தில் கலந்த பெயர்

ஒட்டன்சத்திரத்தைக் கடந்து பழனிக்குச் செல்லும் வழியில் விருப்பாச்சி வருகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த விருப்பாச்சி மலைவாழை இவ்வூரின் பெயரால் வழங்குவது. பழனியாண்டவரின் பிரசாதத்தை உள்ளங்கையில் ஏந்தும்போதெல்லாம் இந்த ஊரின் விளைவையும் ஏந்துகிறோம்.

1772இல் காளையார்கோயில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். கணவரை இழந்த வேலு நாச்சியார், கோபால் நாயக்கரின் அடைக்கலத்தில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டினார். 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். அவர் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டு மாண்டாள் உடையாள் என்னும் பெண் என்பது சிவகங்கைச் சீமையின் மரபுக்கதை. கொல்லங்குடியில் வெட்டுடையார் காளியாக அவளை இன்றும் மக்கள் தொழுகின்றனர். நாச்சியார் தம் திருமாங்கல்யத்தையே அங்குக் காணிக்கையாக்கினார் என்பர். நாட்டுக்காக வீழ்ந்தவளை அழுது மறந்துவிடாமல் அன்னையாக்கி விளக்கேற்றுவது நம் மக்களின் இயல்பு. விருப்பாச்சியில் கோபால் நாயக்கருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. பாதயாத்திரையாகச் செல்வோர் சற்று இளைப்பாறி வணங்கிச் செல்லத் தக்க இடம் அது.

வைகைக் கரைக் கற்கள்

பழனி வழியை விட்டு, திண்டுக்கல்லிலிருந்து தெற்கே வத்தலக்குண்டு பக்கமாகச் சென்றால், சமவெளி வைகையை நோக்கி இறங்குகிறது. அங்கே இவ்வழக்கத்தின் மூலத்தைக் காண்கிறோம். திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும், அண்டை மாவட்டமான தேனியின் புலிமான்கோம்பையிலும் தமிழி எழுத்துப் பொறித்த நினைவுக் கற்கள் கிடைத்தன. புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட மூன்று கற்களைக் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். பேரரசனுக்கு அன்று, பசுக்கூட்டத்துக்காக எழுந்த பூசலில் வீழ்ந்த ஓர் ஊரானுக்கு எடுத்த கல் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் அழியவில்லை.

இவ்வாறு கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. தகுந்த கல்லைத் தேர்வது காட்சி, அதனைக் கொள்வது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நிலத்தில் நிறுத்துவது நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை, போற்றுவது வாழ்த்து. கும்பாபிஷேகம் கண்ட அன்பர்களுக்கு இது புதியதாகத் தோன்றாது. சிலைக்குரிய கல்லைத் தேர்தல், ஜலாதிவாசம், பிரதிஷ்டை, நிவேதனம், தோத்திரம் என நாம் கோயிலில் காண்பதும் இவ்வரிசையோடு ஒத்து நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டிப் பத்தினித் தெய்வமாக நிறுத்தியதும் இம்முறைப்படியே. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற் குறளும் போரில் வீழ்ந்து கல்லாய் நின்றவர்களைச் சொல்லியே தொடங்குகிறது. பிற்கால நடுகற்களில் "பட்டான்" என்ற சொல் வரும். போரில் இறந்தான் என்பது பொருள். தென்னாட்டு ஊர்கள் சிலவற்றில் பட்டவன் என்றே சாமிக்குப் பெயர்.

நீர் வார்க்கும் கைகள்

தலைநகர் தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், விடுதலைக்குப் பின் நாட்டைக் காக்க உயிரீந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். அணையா விளக்கு ஒன்றும் அங்கே எரிகிறது. வைகைக் கரையில் அந்தவனுக்குக் கல் நட்ட கைகள் செய்ததும் இதே பணிதான். வீழ்ந்தவனின் பெயர் மண்ணில் கலந்துவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

பெயரே கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது? அதற்கும் நம் முன்னோர் வழி வைத்திருக்கின்றனர். ரத சப்தமிக்கு மறுநாள் பீஷ்மாஷ்டமி. மணம் புரியாமல், மக்கட்பேறு இல்லாமல், குருக்ஷேத்திரத்தில் அம்புப் படுக்கையில் கிடந்து உயிர்விட்ட பீஷ்மருக்கு அன்று எல்லோரும் பிள்ளைகளாகி நீர் வார்க்கின்றனர். மகாளய பட்சத்திலும் உற்றார் இல்லாதவர்களை நினைத்துக் காருண்ய தர்ப்பணம் செய்கிறோம். திண்டுக்கல் பாறையில் பெயரின்றி மடிந்தவர்களையும் அந்த எள்ளும் நீரும் இறைக்கும் வேளையில் நினைக்கலாம். அவர்கள் எந்தப் படையில் நின்றனர் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எல்லோரும் எவளோ ஒரு தாயின் மக்களே.

உங்கள் ஊர் எல்லையிலும், வயல் வரப்பிலும் வாளேந்திய உருவம் பொறித்த பழங்கல் ஒன்று கிடக்கலாம். அதனைப் படிக்கல்லாகவோ துவைகல்லாகவோ ஆக்கிவிடாமல் காக்கும்படி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் கல் யார் என்று அவர்கள் கேட்டால், நமக்காகப் பட்டவர் என்று கூறி, ஒரு அகல் ஏற்றச் சொல்லுங்கள்.

செல்லும் வழி: திண்டுக்கல்லுக்கு மதுரையிலிருந்து சுமார் 65 கி.மீ., திருச்சியிலிருந்து சுமார் 100 கி.மீ.; இரு ஊர்களிலிருந்தும் ரயிலும் பேருந்தும் உண்டு. பாறையில் நிழல் குறைவு. வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏறி இறங்குவது நலம். பழனி செல்லும் பேருந்துச் சாலையிலேயே விருப்பாச்சி அமைந்துள்ளது.