ஆடி மாதத்தில் ஆறு படங்கள்

ஆடி 1

நூற்றுக்கு இத்தனை என்று படத்தை அளக்கத் தமிழ் வாசகரைப் பழக்கியது ஆனந்த விகடன் விமர்சனம். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்த 62.5 இன்றும் பேச்சில் அடிபடுகிறது. அந்தக் கண்டிப்பில் நாற்பதைத் தொட்டாலே பார்க்கத் தகுந்த படம். இங்கே போடப்படும் மதிப்பெண்ணும் அதே அளவுகோலில்தான். படங்கள் ஆறும் ஏதோ ஒரு வகையில் சேலம், நாமக்கல் பக்கத்தையோ அதையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டையோ தொடுபவை. எடப்பாடியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவற்றைப் பற்றி ஒரு கேள்வி எழாமல் இருக்காது. படம் இந்த மண்ணில் எடுக்கப்பட்டதா, இந்த மண்ணை எடுத்ததா?

ஆடி முதல் நாள் இந்தப் பக்கம் தேங்காய் சுடும் பண்டிகை. கண்ணைத் தோண்டிப் பொட்டுக்கடலை, எள், வெல்லம் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தெருத் தீயில் வாட்டி, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்று முடிப்பதற்குள் இருட்டிவிடும். அதற்குப் பிறகு யூடியூபில் ‘மந்திரிகுமாரி’ (1950).

தயாரிப்பு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, ஏற்காடு சாலையில் ஸ்டுடியோ கட்டியவர். ‘சதி அகல்யா’வில் (1937) தொடங்கி நூற்றுக்கு மேல் படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ (1938) எடுக்கப்பட்டதும் அங்கேதான்.

‘மந்திரிகுமாரி’க்குக் கதை வசனம் மு. கருணாநிதி. இயக்குநர்களாக எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் இருவர் பெயரும் போடப்பட்டிருக்கிறது. கதையின் கரு குண்டலகேசியிலிருந்து வந்தது. ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலில் பெரிய இடத்துப் பிள்ளை, இரவில் கொள்ளைக்கூட்டத் தலைவன். கொள்ளையடிப்பதை ஒரு கலை என்றே வாதாடுகிறான். எஸ்.ஏ. நடராஜன் அதைச் சொல்லும் மிடுக்கில் படத்தின் பாதி பலம் இருக்கிறது. மீதிப் பலம் மாதுரி தேவி. மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தன்னைத் தள்ளிக் கொல்லப் பார்க்கும் கணவனிடம், சாகும் முன் மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள் அமுதவல்லி. சுற்றி வரும் காலடி ஒவ்வொன்றிலும் மனைவி மறைந்து, தீர்ப்பு சொல்பவள் வெளியே வருகிறாள். மூன்றாம் சுற்றில் கீழே போவது அவன். அதற்கு முந்திய ‘வாராய் நீ வாராய்’ பாட்டில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் காட்டும் குளுமைதான், பின்னால் வரும் கொலையை இத்தனை கூர்மையாக்குகிறது. தளபதியாக வரும் எம்.ஜி.ஆர். அன்று இன்னும் எம்.ஜி.ஆர். ஆகவில்லை, படமும் அவரை நம்பி நிற்கவில்லை. எம்.என். நம்பியாரின் ராஜகுரு கொஞ்சம் அதிகமாகவே முழிக்கிறார்.

சேலத்துக்குள் எடுத்த படம்தான். ஆனால் கதை நடப்பது எந்த ஊர் வரைபடத்திலும் இல்லாத ஒரு ராஜ்யத்தில். மதிப்பெண் 58.

ஆடி 5

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவாகலரில் எடுத்தது. இயக்கம் டி.ஆர். சுந்தரம். யூடியூபில் கிடைக்கும் பிரதியில் சாயம் வெளுத்திருக்கிறது. சிவப்பு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. எம்.ஜி.ஆர்., பானுமதி இருவரில் பானுமதியே கை ஓங்கியவர். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு வழக்கம் போலக் குகையைவிடப் பெரியது. தங்கவேலு வரும் இடங்களில் மட்டும் பாக்தாத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்கிறது. ‘மாசிலா உண்மைக் காதலே’ இன்றும் அலுக்கவில்லை.

கதை எல்லாருக்கும் தெரிந்தது. சுந்தரம் அதை நம்பாமல் வேகத்தை நம்பினார். நெசவு படித்தவருக்கு ஊடும் பாவும் தெரியும் என்பதாலோ என்னவோ, சண்டை, பாட்டு, சிரிப்பு மூன்றையும் அறுபடாமல் ஓட்டிவிட்டார். 1961இல் ‘கண்டம்பெச்ச கோட்டு’ மூலம் மலையாளத்துக்கும் முதல் வண்ணப் படத்தைக் கொடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ்தான். மதிப்பெண் 50.

ஆடி 9

‘வல்லவன் ஒருவன்’ (1966). சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு நிறுவனம் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களில் இறங்கியது. சுழலும் நாற்காலி, ரகசிய அறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. கதை மட்டும் இல்லை. வேதாவின் இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் பாட்டு. 38 போடலாம், அதில் பத்து ஈஸ்வரிக்கு.

ஆடி 13

‘சின்னக் கவுண்டர்’ (1992). இயக்கம் ஆர்.வி. உதயகுமார், இசை இளையராஜா. மாடர்ன் தியேட்டர்ஸ் அடங்கிப்போன பிறகு, திரையில் கொங்கு நாடு என்றால் இதுதான் என்று ஆக்கிய படங்களில் ஒன்று. தென்னந்தோப்பு, வாய்க்கால், வெள்ளை வேட்டி, துண்டு, பஞ்சாயத்து. இது பொள்ளாச்சிப் பசுமை. மேட்டாங்காடும் பனையும் சோளத்தட்டும் நிலக்கடலையுமாகக் கிடக்கும் சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்துக்கு இந்தப் பச்சை அந்நியம். மொய் விருந்துக் காட்சியில், நாயகி தெய்வானையின் கடனடைக்க ஊரார் சாப்பிட்டு இலைக்கடியில் பணம் வைத்துப் போக, கவுண்டர் தாலியை வைத்துப் போகிறார். நன்றாக எடுத்த காட்சிதான். ஆனால் மொய் விருந்துக்குப் பேர்போனது புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம். இயக்குநருக்கு நல்ல காட்சி கிடைத்தது. ஊர் எது என்று கேட்பார் யாருமில்லை.

மனோரமாவின் ஆத்தாவுக்காகவும் பாட்டுகளுக்காகவும் 44.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. பூலாம்பட்டிக் காவிரியில் கூட்டம் நெரிகிறது. அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு ஓயாமல் போய்வருகிறது. படப்பிடிப்புக் குழுக்களும் வந்துபோகும் துறை அது. இரவுப் படம் ‘மாமன்னன்’ (2023).

மாரி செல்வராஜின் கதை நடக்கும் காசிபுரம் தனித்தொகுதி, சேலம் மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பெயரைக் கேட்டதும் இராசிபுரம் நினைவுக்கு வராதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. கடைசியில் மாமன்னன் பேரவைத் தலைவராகும்போது, சங்ககிரி, இராசிபுரம் தொகுதிகளில் வென்று 2012 முதல் 2021 வரை பேரவைத் தலைவராக இருந்த ப. தனபாலைப் பலரும் நினைத்துக்கொண்டார்கள்.

படத்தின் உயிர் ஒரு நாற்காலியில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரான தகப்பன் மாமன்னன், கட்சிக்காரனான ரத்னவேலின் முன்னால் உட்காருவதில்லை. யாரும் நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. மகன் அதிவீரன் வந்து அப்பாவை உட்காரச் சொல்லும்போது, வடிவேலுவின் முழங்கால் மடங்கத் தயங்குவதைக் கவனிக்க வேண்டும். முப்பது வருட நகைச்சுவையை மறக்கடிக்கும் தயக்கம் அது. கோயில் கிணற்றில் குளித்த பிள்ளைகள் மீது கல் விழும் காட்சி அதற்கு முன்பே மனதைக் கனக்க வைத்துவிடுகிறது. முதல் பாதிக்கு மட்டும் என்றால் அறுபது கொடுக்கலாம்.

இரண்டாம் பாதி தேர்தல் படம். கணக்கு, காசு, பிரசாரம் என்று தெரிந்த பாதையில் போகிறது. பந்தயத்தில் தோற்ற நாயை அடித்துக் கொல்லும் ரத்னவேலை ஃபகத் ஃபாசில் நடித்த நடிப்பில், வில்லனுக்கே ரசிகர் கூட்டம் சேர்ந்தது. படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகு சாதிப் பாட்டுகளோடு அவர் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பரப்பினார்கள். இதற்கு இயக்குநரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல என்றாலும், ரத்னவேலுக்குக் கொடுத்த நிழலும் வெளிச்சமும் அதிவீரனுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இன்னொரு குறை பேச்சு. தொகுதி சேலத்தில் இருக்கிறது. ஆட்கள் பேசுவது எந்த ஊர் என்று பிடிபடவில்லை. வடிவேலு வாயில் மதுரை எட்டிப் பார்க்கிறது. 55.

ஆடி 24

‘சேத்துமான்’ (2022). இயக்கம் தமிழ், தயாரிப்பு பா. இரஞ்சித்தின் நீலம். மூலம் பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதை, வசனமும் அவரே. திருச்செங்கோட்டு சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களை வைத்து ‘நிழல்முற்றம்’ நாவல் எழுதியவர் அவர். கொட்டகைக்குள்ளிருந்து சினிமாவைப் பார்த்தவரின் கதையே ஒருநாள் திரைக்குப் போனது.

கூடை பின்னும் பூச்சியப்பன் பேரன் குமரேசனைப் படிக்க வைக்கிறார். பண்ணைக்காரர் வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மீது தீராத ஆசை. வீட்டில் மனைவிக்கு அது ஆகாது. ஆள் சேர்த்து, பணம் பிரித்து, பன்றி வாங்கி, காட்டில் வைத்து அறுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பன்றியைத் தீயில் வாட்டி, மயிர் சுரண்டி, வெட்டிக் கூறு போடும் காட்சியில் அவசரமே இல்லை. எந்தக் கூறு யாருக்கு என்பதில் எழும் முணுமுணுப்பு, பழைய பங்காளித் தகராறைத் தோண்டி எடுக்கிறது. சண்டை இரு பெரிய மனிதர்களுக்குள்; உயிர் போவது நடுவில் நின்ற பூச்சியப்பனுக்கு. பின்னணியில் ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகும் 2017ஆம் ஆண்டுச் செய்தி ஓடுகிறது. இதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை.

பேச்சு அசல் நாமக்கல் பக்கத்துப் பேச்சு. ‘ங்க’ போட்டுப் பேசும் மரியாதையும், அதே வாயில் வரும் வசையும், யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற கணக்கும் பிசகவில்லை. மாணிக்கமும் சிறுவன் அஸ்வினும் நடிப்பதாகவே தெரியவில்லை. வெள்ளையனாக வரும் பிரசன்னா பாலச்சந்திரன் சிரிக்க வைத்தே பயமுறுத்துகிறார். பிந்து மாலினியின் இசை வேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது. நடுவில் கொஞ்சம் இழுவை உண்டு.

ஆறில் இந்த மண்ணை எடுத்த படம் என்றால் இதுதான். 63. சோனி லிவ் தளத்தில் வெளியானது. கறி அறுக்கும் காட்சிகளும் முடிவும் கடுமையானவை. சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.