மாத்திரையை மாத்தினேன்... அம்மாவின் நாடி எகிறியது

போன வருஷம் தீர்த்தமலை படியேறும்போது அம்மா பாதியிலேயே உட்கார்ந்துட்டாங்க. "முன்ன மாதிரி முடியலடா, கண்ணு" என்றார்கள். நாடி பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 52.

எட்டு வருஷமா பிரஷருக்கு அட்டனலால் 50 மி.கி. சாப்பிடுறவங்க. அந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும். சோர்வுக்குக் காரணம் அதுதான்னு முடிவு பண்ணி, "நாளையிலிருந்து இது வேணாம், இதைப் போடுங்க"ன்னு அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்தேன்.

நாலாம் நாள் ராத்திரி டூட்டியில் இருக்கும்போது போன். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா. நீ குடுத்த புது மாத்திரை ஒத்துக்கல போல."

அரூர் வீட்டிலிருந்து கூட்டி வரச் சொல்லிப் பார்த்தால் நாடி 118, பிரஷர் 170/100. ஈசிஜி எடுக்கும்போது என் கைதான் நடுங்குச்சு. நல்லவேளை, மாரடைப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை.

தப்பு புது மாத்திரையில் இல்லைங்க. பழைய மாத்திரையை நான் ஒரே நாளில் நிறுத்தியதுதான் தப்பு.

அட்டனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் எல்லாம் 'பீட்டா பிளாக்கர்' வகை. அட்ரினலின் இதயத்தைத் தட்டும் கதவுகளை அடைத்து வைப்பவை. வருஷக்கணக்கில் அடைத்தே இருந்தால் உடம்பு புதுசா இன்னும் கதவுகளைத் திறந்து வைக்கும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினால் அத்தனை கதவு வழியாவும் அட்ரினலின் உள்ளே பாயும். துடிப்பும் பிரஷரும் எகிறும். இதய ரத்தக்குழாயில் ஏற்கனவே அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

அம்லோடிபின் ரத்தக்குழாயைத்தான் விரிக்கும், துடிப்பைக் குறைக்காது. அதனால் அந்த வேகத்தைத் தடுக்க அங்கே ஆள் இல்லை.

அட்டனலாலை 25 மி.கி. அளவில் திரும்ப ஆரம்பித்து, படிப்படியா குறைத்து, ரெண்டு வாரத்தில் நிறுத்தினேன். இப்போ நாடி 76. பிரஷரும் கட்டுக்குள்ள இருக்கு.

2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்று பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருது. மாத்திரை கைக்கு வந்தா மட்டும் போதாது, இதையும் தெரிஞ்சுக்கணும்:

✅ ஊருக்குப் போறோம், தீர்ந்துபோச்சுன்னு இந்த வகை மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

✅ மாத்திரை மாறினா "பழசை இன்னைக்கே விடணுமா, குறைச்சு விடணுமா?"ன்னு கேளுங்க. பழைய அட்டையைக் கையோட கொண்டு வாங்க.

✅ ஐந்து நிமிடம் உட்கார்ந்துட்டு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ரெண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுசா எண்ணுங்க. 60 முதல் 100 வரை சாதாரணம். சும்மா இருக்கும்போதே தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலோ டாக்டரைப் பாருங்க.

✅ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம்னா காத்திருக்காம 108.

ஓபியில் வர்ற ஒவ்வொருத்தரிடமும் "மாத்திரையை திடீர்னு நிறுத்தாதீங்க"ன்னு சொல்ற நான், அம்மாவிடம் "நாளையிலிருந்து வேணாம்"னு ஒரே வரியில முடிச்சிட்டேன். வீட்டு ஆளுன்னா ஓபி சீட்டு கிடையாது, குறிப்பு கிடையாது, கேள்வியும் கிடையாது.

அம்மா இப்பவும் அக்கம்பக்கத்துல, "எம் பையன்தான் காப்பாத்தினான்"னு சொல்றாங்க. கேட்கும்போதெல்லாம் தலை குனிஞ்சுக்கிறேன்.

— அரசு மருத்துவர், அரூர்