பொன்னும் வயம்பும்

என் தங்கைக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, சென்ற ஐப்பசியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆறாம் நாள் தாயையும் பிள்ளையையும் திருவட்டாற்றுக்கு, அம்மாவிடம், கொண்டுவந்து சேர்த்தோம். அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை மூண்டுவிட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு வயம்புத் துண்டு. மற்ற ஜில்லாக்காரர்கள் வசம்பு என்பதை நாங்கள் வயம்பு என்போம். 1956-இல் எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததென்னவோ உண்மைதான். ஆனால் எங்கள் அடுக்களையும் பிரசவ அறையும் திருவிதாங்கூரிலேயே தங்கிவிட்டன. பிறந்த குழந்தையின் நாக்கில், பொன்னையும் வயம்பையும் தேனில் உரைத்துத் தொட்டு வைப்பது அந்தத் திருவிதாங்கூரின் மிச்சம். வடக்கே சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரி.

அம்மா கல்லைக் கழுவித் துடைத்து, விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை குழந்தையை அணைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் அல்லாம ஒரு சொட்டு வெள்ளம் குடுக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ."

"அந்த டாக்டரம்மைக்க நாக்கிலயும் ஒருத்தி தொட்டு வச்சிருப்பா, கேட்டுப் பாரு," என்றாள் அம்மா.

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நின்றவன். ஆனால் புஸ்தகம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை உண்டு; நானும் அதை இதுவரை கலைத்ததில்லை. இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டேன். உள்ளூர என் மனசு அம்மா பக்கந்தான். பழைய வழக்கம் என்றால் கதைக்காரர்களுக்கு ஒரு சபலம் வந்துவிடுகிறது.

டாக்டர் சிநேகிதர் ஒருவரைத் தொந்தரவு செய்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிறந்த சிசுவின் குடல் கிட்டத்தட்டக் காலி மனை. பிறக்கும்போதும் பிறந்த சில நாட்களிலும் கோடிக்கணக்கான கிருமிகள் அதில் குடியேறுகின்றன. சாதாரணப் பிரசவமானால் தாயின் உடம்பிலுள்ள கிருமிகள் முதலில் இடம் பிடிக்கின்றன. ஆபரேஷன் குழந்தைக்குத் தோலில் இருப்பவையும் ஆஸ்பத்திரியில் இருப்பவையும் முந்திக்கொள்கின்றன. மாதங்கள் போகப் போக அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது என்பதை அறிந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்தக் குடியேற்றத்துக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன சம்பந்தம்? 2022 ஜூலையில் எங்கள் ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் நானூறு வருஷத்துக்கு மேல் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தது. பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு வாலிபப் போலீஸ்காரர், தினமும் நடையில் பூ விற்கும் கிழவியைத் தடுத்து நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கும்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு ஊர் புதிது. சிசுவின் உடம்பிலுள்ள காவல் அணுக்களும் அப்படித்தான். யார் ஊர்க்காரன், யார் திருடன் என்பதை அவை குடலிலுள்ள கிருமிகளோடு பழகித்தான் கற்கவேண்டும். பழகாமல் போனால் பூக்காரக் கிழவி மேலெல்லாம் பிரம்பை ஓங்கும்.

தாய்ப்பாலில் ஒரு விநோதம். லாக்டோஸ், கொழுப்பு இரண்டையும் அடுத்து அதில் அதிகமிருப்பது, நூற்றுக்கு மேற்பட்ட வகையான ஒரு சர்க்கரைக் கூட்டம். அவற்றைக் குழந்தையால் ஜீரணிக்க முடியாது! பின் எதற்கு? குழந்தையின் குடலிலுள்ள பிஃபிடோ என்ற கிருமிகளுக்கு. தாய் குழந்தைக்கு ஓர் இலையும், குழந்தைக்குள் இருக்கும் விருந்தாளிக்கு ஓர் இலையும் போடுகிறாள். இந்த விருந்தாளியைத் தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களிடம் முதலில் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலிருந்த டிஸ்ஸியே என்பவர், அது 1899-இல். ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிலையத்தார் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்தக் கிருமி குறைந்த குழந்தைகளின் உடம்பில் காவல் அணுக்கள் காரணமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு படித்ததும் தேனின் மீது எனக்கிருந்த சபலம் போய்விட்டது. தேனில் ஒரு கொடிய கிருமியின் வித்து இருக்கக்கூடும். நம் குடலில் ஏற்கெனவே கூட்டம் நெருக்குவதால் நம்மிடம் அது முளைப்பதில்லை. காலி மனையில் முளைத்துவிடும். அதன் விஷத்தால் குழந்தையின் கை கால் துவண்டு மூச்சே நிற்கலாம். ஒரு வயசு வரை தேன் கூடாதென்பது அதனால்தான். வயம்பும் சாதுவல்ல.

ஆனாலும் அம்மாவுக்காகவும் ஒரு சாட்சி அகப்பட்டது. ஒரிஸாவின் கிராமங்களில் டாக்டர் பினாகி பாணிக்ராஹியும் அவர் கூட்டத்தாரும் 4,556 சிசுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2017-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கி, தாய்ப்பாலோடுகூட ஏழே நாட்கள், பாதிக் குழந்தைகளுக்கு ஒரு நல்ல கிருமியையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் வாயில் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் விஷக்கிருமி ஏறி நோயுற்ற, அல்லது இறந்த குழந்தைகள் கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 9, கொடுத்தவர்களில் 5.4. முதல் நாட்களில் நாக்கில் வைப்பது ஆயுசைத் தீர்மானிக்கும் என்று நம் பாட்டிகள் நினைத்ததில் பிசகில்லை. எதை வைப்பது என்பதில்தான் பிசகு. (கடையில் விற்கிற பொடியெல்லாம் அந்த மருந்தாகிவிடாது, இதைத் தங்கையின் புருஷனுக்குப் போனில் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.)

அதற்காக, அழுக்கே ஆரோக்கியம் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ரோட்டாவைரஸ் பேதிக்கான நம் நாட்டுச் சொட்டு மருந்தை டில்லி, புனா, வேலூர் மூன்றிடத்திலும் சோதித்து 2014-இல் முடிவு சொன்னார்கள்: கடும் பேதியை முதல் வருஷத்தில் நூற்றுக்கு 56 அளவில் தடுத்தது. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் 85-க்கும் மேல் தடுக்கின்றன. ஓயாமல் கெட்ட கிருமியோடு மல்லுக்கட்டும் குடலில் நல்ல மருந்தும் எடுபடுவதில்லை என்பது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த எங்கள் ஊரிலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் வைத்து அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். தேனைப் பற்றிச் சொன்னபோது எதிர்க்கவில்லை. ஜெயித்துவிட்ட உற்சாகத்தில் நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சீம்பாலைப் பற்றி ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் பால் வெறும் பாலல்ல, தாய் தன் ஆயுசில் கண்ட நோய்களுக்கெல்லாம் எதிரான காவலாட்களை அதில் ஏற்றி அனுப்புகிறாள், அவை குடலின் சுவரோரம் வரிசையாய் நின்று காக்கின்றன என்று, மேடையில் பேசுவதுபோல் பேசினேன்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அதைப் பீச்சிக் களைஞ்சா?" என்றாள்.

எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்ததென்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அன்றைக்குத்தான் சொன்னாள். மருத்துவச்சி, "மஞ்சப்பால் ஆகாது," என்று மூன்று நாளும் பாலைத் தென்னை மூட்டில் பீச்சிவிடச் செய்தாளாம். குழந்தைக்குக் கருப்பட்டி வெள்ளத்தில் துணியை நனைத்து வாயில் வைத்தார்களாம். ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் இல்லை.

"அப்பம் நான்தானா மக்களே?"

"இல்லம்மா. அது என்ன காய்ச்சலோ, யாரு கண்டா? எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பாலில்லாமலே வளர்ந்திருக்கு," என்றேன். அதுவும் நிஜந்தான்.

"நீ கதை எழுதுகவன்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலம் அடுக்களைப் பக்கம் போனேன். உரைகல்லைக் காணோம், மோதிரம் தங்கையின் விரலில் இருந்தது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, பால் குடிக்கும் குழந்தையின் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அவளுக்கும் மூக்கு இப்படித்தான் இருந்தது," என்றாள்.

எங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.