சீரும் பங்கும்

மறைந்த பெரியோரை நினைவுகூரும்போது அவர்களின் அன்பைத்தான் நாம் முதலில் பேசுகிறோம். எங்கள் அத்தாவையும், நாங்கள் தாதா என்றழைத்த பாட்டனாரையும் எண்ணும்போது, அவர்களின் அன்போடு அவர்களின் கணக்கும் என் நினைவில் எழுகிறது.

தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழும்பிய நாட்களில், தாதா தம் மாட்டுவண்டியில் கல்லேற்றிச் சென்றவர். 1957இல் காமராஜர் அவ்வணையைத் திறந்து வைத்தார். அந்த வண்டிக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் குருபரப்பள்ளியில் எங்கள் 3 ஏக்கர் மேட்டு நிலம். 30 அடிக்கு ஒன்றாக மாங்கன்றுகளை நட்டு, குடத்தில் நீர் சுமந்து வளர்த்தார்.

பழக்காலத்தில் பேரப்பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கொள்வோம். கிளிமூக்கு மாம்பழத்தையும் கத்தியையும் எங்களில் ஒருவரிடம் கொடுத்து, "அறுப்பவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும்" என்பார். துண்டுகள் எப்படிச் சமமாக விழாமல் போகும்!

அத்தா அதிகம் பேசாதவர். என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் அமர்த்தி மதரஸாவுக்கு அழைத்துச் செல்லும் வழியில், முந்தைய நாள் பாடத்தை ஓதச் சொல்லிக் கேட்பார். தவறு நேர்ந்தால் கண்டிக்க மாட்டார்; மிதிப்பதை நிறுத்திவிடுவார். நான் திருத்தி ஓதியதும் சக்கரம் மீண்டும் சுழலும்.

1991இல் தாதா மறைந்தார். தாதி அவருக்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் இருவர்: அத்தாவும் அவர் தங்கையான எங்கள் குப்பியும். நிலம் பிரிக்கப்படாமலே கிடந்தது, குப்பியும் கேட்கவில்லை. பின்னர் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலை விரிந்தது. தொழிற்சாலைகளுக்கு இடம் தேடி வந்தோர் சாலையோர நிலத்தின் விலையை உயர்த்தினர். அப்போதுதான் அத்தா, "தங்கையின் பங்கைப் பிரிக்க வேண்டும்" என்றார்.

உறவினர் திகைத்தனர். "திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பங்கு?" என்றனர். "கொடுத்தே தீர வேண்டுமானால் பின்புறப் பாறை நிலத்தைக் கொடு" என்றும் சிலர் யோசனை கூறினர்.

அத்தா அமைதியாகச் சொன்னார்: "சீர் கொடுத்தது என் பிரியம். பங்கு கொடுப்பது என் கடன். பிரியத்தைக் காட்டிக் கடனைக் கழிக்க முடியாது."

அன்னிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அத்தா நிலத்தை மூன்றாக அளந்து கல் நட்டார். பிறகு குப்பியை அழைத்து, "நீ முதலில் எடுத்துக்கொள்" என்றார். பிரித்தவர் கடைசியில் எடுக்கும் தாதாவின் வழக்கம் அங்கே மீண்டும் நடந்தது.

எல்லோரும் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, குப்பி தாதா நட்ட முதல் மரம் நிற்கும் நடு ஏக்கரைக் காட்டினார். "விலை எனக்கு வேண்டாம் அண்ணே. வாப்பாவின் மரம் போதும்" என்றார். அத்தா அன்று அழுததை நாங்கள் பார்த்தோம். அவ்வாரமே பத்திரம் பதிவாயிற்று.

2016இல் அத்தாவும் இறைவனிடம் சேர்ந்தார். இன்று மதரஸாவில் வாரிசுரிமைப் பாடம் நடத்தும்போது, பிள்ளைகள் பின்னங்களை மனனம் செய்கிறார்கள். பின்னங்கள் எளியவை, நிலத்தின் விலை ஏறியபின் அவற்றை நிறைவேற்றுவதே அரிது. உங்கள் இல்லத்திலும் கேட்காமல் காத்திருக்கும் ஒரு சகோதரி இருக்கலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் அத்தாவின் மண்ணறையையும் தாதாவின் மண்ணறையையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.