முதல் சம்பளத்தில் ஒரு பீட்சா!

"மாமா, பர்ஸைத் தொடக் கூடாது. இன்னிக்கு என் செலவு!"

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே அக்கா மகள் போட்ட நிபந்தனை இது. திருக்கோவிலூர் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் அருகே ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் செருப்பு, தம்பிக்கு கிரிக்கெட் பேட். மாமாவுக்கு பீட்சா. "ஏம்மா, ரெண்டு இட்லி போதாதா?" என்றேன். "இட்லியைத்தான் தினமும் பார்க்கிறேனே" என்றாள்.

முதலில் ஆதிகேசவப் பெருமாள் கோயில். ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர் இது. சித்திரையில் அவருடைய அவதாரத் திருவிழா நடக்கும்போது இங்கே நிற்க இடமிருக்காது. அன்று ஞாயிறு என்றாலும் மாட வீதியில் அமைதி. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு வந்தால் வேறு உலகம். கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் பேருந்துகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள், கொரிய எழுத்தில் பெயர்ப் பலகை வைத்த உணவகங்கள். தமிழும் கொரியனும் ஒரே பலகையில் இருப்பதைப் பார்த்து யாரும் இங்கே திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எல்லாம் 1996-ல் ஆரம்பித்த கதை. அந்த மே மாதம்தான் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழுந்து, 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதே 1996-ல்தான் பீட்சாவும் இந்தியாவுக்குள் சங்கிலிக் கடைகளாக நுழைந்தது. டோமினோஸ் டெல்லியில், பீட்சா ஹட் பெங்களூரில். சென்னையில்? நம் ஊரிலேயே பிறந்த 'பீட்சா கார்னர்'!

நாற்பதைத் தாண்டிய சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். எனக்கு முதல் பீட்சா அங்கேதான். கல்லூரி நண்பன் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கூட்டிப்போனான். நூல் நூலாக இழுத்த சீஸை என்ன செய்வதென்று தெரியாமல், ஊத்தப்பம் மாதிரி பிய்த்துத் தின்றேன்.

இத்தாலிய உணவென்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, இந்தச் சங்கிலிகளின் ஜாதகத்தில் இத்தாலியைத் தேடினால் கிடைக்காது. பீட்சா ஹட் 1958-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. டோமினோஸ் 1960-ல் மிச்சிகனில் பிறந்தது. நம்ம சென்னை பீட்சா கார்னரைத் தொடங்கியவர் ஃப்ரெட் மூவாட், லெபனானைப் பூர்வீகமாகக் கொண்ட புகழ்பெற்ற நகை வியாபாரக் குடும்பத்துக்காரர். சென்னையில் தொடங்கி பெங்களூரு, ஹைதராபாத் என்று கிளை பரப்பினார்கள். ஒரு தலைமுறைக்கு பீட்சா என்ற சொல்லைப் பழக்கியதில் இந்தக் கடைகளுக்கெல்லாம் பெரிய பங்குண்டு. 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா' என்றே படம் எடுத்து, விஜய் சேதுபதியை பீட்சா டெலிவரி செய்பவராக நடிக்க வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால், பீட்சா கார்னர் இப்போது இல்லை. இந்தியாவில் 'பாப்பா ஜான்ஸ்' உரிமம் வைத்திருந்த நிறுவனம் அதை வாங்கியது. பலகைகள் மாறின. பிறகு, 2017-ல் பாப்பா ஜான்ஸே கடைகளை மூடிக்கொண்டு இந்தியாவைவிட்டுப் போனது. அதே வருடம் டிசம்பரில், நேப்பிள்ஸ் நகரத்து பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பது தனிக் கதை.

கடை மூடுவதெல்லாம் இந்தச் சாலைக்குப் புதிதில்லை. 2006-ல் இங்கே செல்போன் தயாரிக்க வந்த நோக்கியா, உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. அதில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. பீட்சா கடை போனால் வேறு கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். இதற்கு அப்படியொரு மாற்று உடனே கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்த அந்த வளாகத்தை, சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் பிற்பாடு எடுத்துக்கொண்டது.

"உங்க கம்பெனி நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டேன். "ஓடுது மாமா. ஓடுற வரைக்கும் தம்பி காலேஜ் முடிச்சிடுவான்" என்றாள். பத்தொன்பது வயசுப் பெண்ணின் கணக்கு!

பீட்சா கடையில் கூட்டம். எங்களைத் தவிர எல்லா மேசையிலும் தொழிற்சாலைப் பிள்ளைகள். மெனுவை வாங்கி அவள் விலையை மட்டும் படித்தாள். ஒரு பெரிய பீட்சா கிட்டத்தட்ட ஒரு நாள் சம்பளம். "சின்னது போதும்" என்றேன். காதில் வாங்கவில்லை. பெரியதே சொன்னாள், மிளகாய்த்தூள் பாக்கெட் கூடுதலாகக் கேட்டு.

இந்தச் சாலையில் சோறு என்பது சாதாரண விஷயமில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு ஒவ்வாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற பெண்கள் இரவோடு இரவாக இதே நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரகடம் போகிற வழியில் அடுக்கடுக்காக நிற்கும் அந்தக் கட்டடங்களைப் பார்த்தபோது, இத்தனை பேருக்கும் ஒரே வேளைக்கு எத்தனை மூட்டை அரிசி உலையில் போடவேண்டும் என்றுதான் என் புத்தி போனது.

"உங்க விடுதியில சாப்பாடு எப்படி?"

"பரவாயில்ல மாமா. சாம்பார்தான் திங்கக்கிழமையும் அதே, வெள்ளிக்கிழமையும் அதே." சிரித்தாள்.

எட்டுத் துண்டில் நான் இரண்டு, அவள் இரண்டு. மூன்றாவதை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, டப்பாவை மூடச் சொன்னாள். நைட் ஷிஃப்ட் போகிற பிள்ளைகள் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார்களாம். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

விடுதி வாசலில் காவலாளி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

"நாலு துண்டுதானே இருக்கு... ரூம்ல எத்தனை பேர்?"

"ஏழு பேர் மாமா. கத்தரிக்கோல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.